டெல் ஆபெர்க்குக்கு முந்நூறு வேண்டும்

இதனால் மான்டானா மாநிலம் லாட்டிமர் ஊர்ப் பொதுமக்களுக்கும், அண்டை ஊர்க்காரர்களுக்கும், எங்கள்மேல் படையெடுக்கும் எண்ணம் உள்ள யாவருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இவ்வூரின் சுதந்திரம் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டுவிட்டது. கைக்குழந்தைகளையும் சேர்த்து, தலைக்குப் பல ஆயிரம் தோட்டாக்கள் நிலவறைகளில் அடுக்கப்பட்டுள்ளன. எதிரி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் வருத்தப்படுவான்.

விவசாயிகள் சங்கக் கூடத்தில் இதை எழுந்து நின்று வாசித்தவர் கர்னல் வெர்லின் டட்டில். கர்னல் பட்டம் ராணுவம் கொடுத்ததல்ல, ஊர் கொடுத்ததுமல்ல. அவராகவே எடுத்துக்கொண்டது. ராணுவத்தில் அவர் போர்வைக் கிடங்கில் இருந்தார். அவர் காலத்தில் ஒரு போர்வைகூட எதிரி கையில் சிக்கவில்லை என்பது உண்மைதான். அறிக்கை முடிந்ததும் எல்லாரும் கைதட்டினோம். காப்பியும் ஆப்பிள் கேக்கும் கொடுத்தார்கள்.

இப்படிப் பாதுகாக்கப்பட்ட ஊரில், அதே கூடத்தின் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த டெல் ஆபெர்க்கிடம் ஒரு தோட்டாகூட இல்லை.

அது கொள்ளைநோய் வந்த வருஷம். டெல் வேலை பார்த்த மர ஆலையை வசந்தத்திலேயே மூடிவிட்டார்கள். அவன் மனைவி லோர்னாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, பள்ளிக்கூடமும் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் வளர்கிற வயது, இரண்டுக்கும் நல்ல பசி. வண்டிக் கொட்டகையில் சவப்பெட்டி அளவுக்கு ஒரு குளிர்பெட்டி நின்றது. இலையுதிர்காலத்தில் ஒரு எல்க் மானை வீழ்த்தினால், குதிரை உயரம் நிற்கும் அந்த மிருகத்தின் கறி அதை மூடிவரை நிரப்பும். ஏப்ரல் வரை கவலையில்லை. ஆலை மூடுவதற்கு முன்பே வேட்டை உரிமம் வாங்கி வைத்திருந்தான். துப்பாக்கியும் இருந்தது, லோர்னாவின் அப்பா விட்டுப்போனது. குளிர்பெட்டியில் இப்போது இருந்தவை பனிக்கட்டியும் ஒரு பொட்டலம் பட்டாணியும்.

துப்பாக்கிதான் வினை. எங்கள் பக்கத்தில் தோட்டாவுக்குப் பெயர் வைப்பது எண்ணால். டெல்லின் துப்பாக்கி சாப்பிடுவது முந்நூறு. ஆனால் முந்நூறு என்ற பெயரில் நாலைந்து சாதி உண்டு. பங்காளிகள் மாதிரி. பெயர் ஒன்றுதான், ஆனால் ஒருத்தன் வீட்டுக்குள் இன்னொருத்தன் நுழைய முடியாது. டெல்லுக்கு வேண்டியது முந்நூறு சாவேஜ். நல்ல காலத்திலேயே ஞாபகம் வந்தால்தான் அதைச் செய்வார்கள். இந்த வருஷம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

சரி, வேறு துப்பாக்கி கடன் வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம். ஊரே கொடுக்கத் தயாராக இருந்தது. எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும், வேணுங்கறதை எடுத்துக்கோ, ரெண்டாவே எடுத்துக்கோ, இந்தா தோல் உறையும் எடுத்துக்கோ என்றார்கள். அதற்குத் தோட்டா என்று வாயெடுத்தால் மட்டும் அடுப்பில் ஏதோ கருகும் வாசனை அவர்களுக்கு வந்துவிடும், உள்ளே ஓடினார்கள். என் வீட்டிலும் அன்று அடுப்பில் ஏதோ கருகத்தான் செய்தது.

தோட்டா வருவது கஸ் பொக்கோர்னியின் கடைக்கு. மீன்தூண்டில், பனிக்காலணி, உறைந்த புழு, தோட்டா எல்லாம் அங்கேதான். தலைக்கு ஒரு பெட்டி என்று கஸ் அட்டையில் எழுதி மாட்டியிருந்தான். அதனால் எல்லாரும் தலைகளைத் திரட்டிக்கொண்டு வந்தார்கள். கர்னல் தன் மனைவி ஃபெர்னையும், ஃபெர்னின் தங்கையையும், பக்கத்து வீட்டில் மூக்கில் பிராணவாயுக் குழாயோடு படுத்திருந்த கிழவரையும் சக்கர நாற்காலியோடு கூட்டிவந்து வரிசையில் நிறுத்தினார். எந்த வகை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. என்ன இருக்கோ அது.

டெல் நின்றது கர்னலுக்குப் பின்னால். கஸ் அலமாரியில் மிச்சமிருந்த ஒரே பெட்டியை எடுத்து வைத்தான். தூசி தட்டினான். முந்நூறு சாவேஜ்.

"வெர்லின், இதுக்கு உங்ககிட்ட துப்பாக்கி கெடையாதே" என்றான் கஸ். அவன் நியாயமானவன்.

"தோட்டா இருந்தா துப்பாக்கி தன்னால வரும்" என்றார் கர்னல். பெட்டி கிழவரின் மடியில் போய் உட்கார்ந்தது.

டெல் வாசலிலேயே அவரைப் பிடித்துக் கேட்டான். தெருவில் பேசுகிற விஷயமல்ல என்று சொல்லிக் கர்னல் அவனைத் தன் நிலவறைக்கு அழைத்துப் போனார். அதைப் பார்த்தவர்கள் குறைவு. தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள். நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கும் அளவுக்கு சந்து. துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் கைத்துப்பாக்கித் தோட்டா, உலர்த்தும் இயந்திரத்தின்மேல் குழல் துப்பாக்கித் தோட்டா. பாதிக்கு மேல் அவரிடம் இல்லாத துப்பாக்கிகளுக்கானவை.

டெல் கேட்டது ஐந்து. பணம் தருகிறேன் என்றான். வேண்டாமென்றால் கறியாகத் தருகிறேன், பின்னந்தொடை ஒன்று முழுசாக உங்களுக்கு என்றான்.

"இதெல்லாம் எனக்குன்னா சேத்து வச்சிருக்கேன் தம்பி? ஊருக்கு" என்றார் கர்னல்.

"நானும் ஊருதானே."

"அதைத்தான் சொல்றேன். உனக்கும் சேத்துதான் இது. மேற்குப் பாலம் உன் பொறுப்புல விட்டிருக்கேன், ஞாபகம் இருக்கில்ல?"

"எதை வச்சு பாலத்தைக் காக்கறது?"

"அந்த நாள் வந்தா உன் கையில தோட்டா இருக்கும்."

"எங்க வீட்டுக்கு அந்த நாள் நவம்பர்லயே வந்துரும், வெர்லின்."

கர்னல் அவன் தோளில் கை வைத்தார். படிக்கட்டின் மேலிருந்து ஃபெர்னின் குரல் வந்தது: "ஒரு பெட்டியக் குடுத்துத் தொலையேன். துணி காயப்போட எடமில்ல." கர்னல் கேட்காத மாதிரி, வேறொரு யோசனை சொன்னார். டெல் தன் துப்பாக்கியை அவருக்கு விற்றுவிடட்டும். இந்தத் தோட்டா பாவம், துப்பாக்கியில்லாமல் அநாதையாகக் கிடக்கிறது. டெல் சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டான். அவன் நிலைமை அப்படி ஆகியிருந்தது. படியில் கால் வைத்த பிறகுதான், துப்பாக்கியும் இல்லாமல் தோட்டாவும் இல்லாமல் வீட்டுக்குப் போகப்போகிறோம் என்பது உறைத்தது, விற்காமலே போனான்.

வேட்டைக்காலம் தொடங்கியது. மற்ற வருஷங்களில் முதல் நாள் விடியலில் மலை முழுக்கப் படபடவென்று வெடிக்கும். இந்த வருஷம் ஒரு சத்தமில்லை. கறி வெட்டிக் கொடுக்கும் கடைக்காரன் கத்தியைத் தீட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

எங்கள் வானொலியில் காலையில் ஒரு பண்டமாற்று நிகழ்ச்சி உண்டு. தொலைபேசியில் கூப்பிட்டு, என்னிடம் இது இருக்கிறது, எனக்கு அது வேண்டும் என்று சொல்லலாம். முட்டைக்கோழி, டிராக்டர் சக்கரம், ஒருமுறை உடுத்திய கல்யாண கவுன், ஒருமுறைகூட உடுத்தாத கல்யாண கவுன், எல்லாம் அதில் கைமாறும். டெல்லுக்கு ஊரறியப் பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது. ஒரு வாரம் தள்ளிப்போட்டான். அன்று காலை மூத்தவள் பட்டாணியை எண்ணி, தங்கைக்குப் பாதி பிரித்துக் கொடுப்பதைப் பார்த்தான். போனை எடுத்தான்.

வெட்கத்தில் அவசரமாகப் பேசினான். "லாட்டிமர்லேருந்து டெல் பேசறேன். எனக்கு முந்நூறு வேணும். தோட்டா. பதிலுக்கு என் படகு மோட்டாரைத் தரேன்."

பங்காளியின் பெயர்தான் சொன்னான். எந்தப் பங்காளி என்று சொல்லவில்லை. அவன் வீட்டில் பத்து வருஷமாக முந்நூறு என்றால் ஒன்றுதான்.

அரைமணி நேரத்தில் கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆரின் ஸ்டப்ஸ் என்று ஒருவன் கூப்பிட்டான். ஆடு வளர்ப்பவன், நிதானமான குரல். "முந்நூறு இருக்கு. எண்ணிப் பாத்துட்டேன்" என்றான். முதல் பாதி காதில் விழுந்ததுமே டெல் மேலங்கிக்குள் கையை நுழைத்துவிட்டான். இரண்டாவது பாதி போய்ச்சேரவில்லை.

கணவாயில் பனி. சக்கரத்துக்குச் சங்கிலி கட்டி, மோட்டாரைப் பின்னால் போட்டு, பகல் பூராவும் ஓட்டிப்போய்ச் சேர்ந்தான். ஆரின் ஒரு பச்சைத் தகரப்பெட்டியைக் கொண்டுவந்து சமையலறை மேசைமேல் வைத்துத் திறந்தான். உள்ளே ஒன்பது மில்லிமீட்டர். கைத்துப்பாக்கிக்கானது. சுண்டுவிரல் நுனி மாதிரி குட்டைக் குட்டையாகப் பளபளத்தது.

"என்ன இது?"

"முந்நூறு. ஒண்ணு கொறையாது."

"நான் கேட்டது முந்நூறு சாவேஜ்."

"சாவேஜ்னு நீ சொல்லவே இல்லையேப்பா" என்றான் ஆரின். அவனுக்கு உண்மையாகவே வருத்தமாகிவிட்டது. "முந்நூறு தோட்டா வேணும்னு கேட்ட. என்ன தோட்டான்னு சொல்லல. பாவம், எதுவானாலும் பரவால்லபோலன்னு நெனச்சேன். இப்ப எல்லாரும் அப்படித்தானே கேக்கறாங்க?"

டெல் உட்கார்ந்தான். அவனிடம் கைத்துப்பாக்கி கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வேறெந்த நாட்டில் வேறெந்த மனுஷனாக இருந்தாலும் மோட்டாரோடு வீட்டுக்குத் திரும்பியிருப்பான். ஆனால் கண்ணெதிரே தோட்டா இருக்கும்போது எடுக்காமல் போவதா? போனால் அடுத்தவன் எடுத்துவிடுவான். இந்த எண்ணம் அவன் தலையில் எப்போது குடிவந்தது என்று அவனுக்கே தெரியாது. மோட்டாரை இறக்கிக் கொடுத்துவிட்டு, தனக்கு உதவாத முந்நூறை ஏற்றிக்கொண்டு திரும்பினான். ஆரினிடம் படகு இல்லை என்பது பின்னால் தெரியவந்தது.

கர்னலுக்கு ஒன்பது மில்லிமீட்டரைக் கண்டதும் கண் கலங்கியது. இடுப்பில் அவர் தொங்கவிட்டிருப்பது அதைத்தான் சாப்பிடும். ஆனாலும் பேரம் ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தது. முதலில் முந்நூறுக்கும் சேர்த்து ஐந்து சாவேஜ் தருவதாகச் சொன்னார். பிறகு பத்து. கடைசியில் ஃபெர்ன் இறங்கிவந்து, முழுப்பெட்டியைக் கொடுக்காவிட்டால் துவைக்கும் இயந்திரத்தைத் தோட்டாவோடு சேர்த்து ஓடவிடப்போவதாகச் சொன்ன பிறகு, அநாதைப் பெட்டி டெல் கைக்கு வந்தது. கர்னல் நிமிர்ந்து நின்று கைகுலுக்கினார். இது வியாபாரம் அல்ல, கூட்டணி என்றார்.

பெட்டியில் இருபது தோட்டாக்கள். வேட்டைக்காலத்தில் பாக்கியிருந்தது கடைசி ஞாயிறு மட்டும்.

சனிக்கிழமை லோர்னா ஒரு விஷயம் நினைவுபடுத்தினாள். போன குளிர்காலத்தில் துப்பாக்கி வண்டி இருக்கையிலிருந்து கீழே விழுந்தது. குறி விலகியிருக்கலாம்.

"ரெண்டு சுட்டுப் பாத்துரு, டெல்."

"ரெண்டா?" என்றான். இரண்டு மகள்களில் ஒருத்தியைக் கேட்டுவிட்ட மாதிரி அவளைப் பார்த்தான்.

ஞாயிறு விடியும்போது அவன் மேட்டில் படுத்திருந்தான். துப்பாக்கியில் ஐந்து போடலாம். ஒன்று போட்டான். மீதியைப் பெட்டியோடு சட்டைக்குள், நெஞ்சை ஒட்டி வைத்திருந்தான். காற்று எதிர்க்காற்று. எல்லாம் சரியாக இருந்தது.

வெயில் ஏறியதும் மந்தை வந்தது. பன்னிரண்டோ பதினைந்தோ இருக்கும். கீழே வெட்டவெளியில், மூச்சு ஆவியாக, அவசரமில்லாமல் மேய்ந்துகொண்டு வந்தன. முன்னால் ஒரு கொழுத்த பெண் எல்க். நின்றது. விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்தத் தூரத்தில் டெல் தவறவிட்டதாகச் சரித்திரமில்லை.

குறி விலகியிருந்தால்? ஒன்று வீண். இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும் என்று நினைத்தான். வந்தது. குளிரில் விரல் மரத்திருந்தது. மரத்த விரல் இழுத்துவிட்டால்? ஊதிச் சூடாக்கிக்கொண்டான். மான் திரும்பி நேராகப் பார்த்தது. நேராக நிற்கிற மானைச் சுடுவது வீண்செலவு. திரும்பட்டும். திரும்பியது. இப்போது அதன் பின்னால் இன்னொன்று நின்றது, தோட்டா துளைத்துப்போனால் அதற்கும் உரிமம் இல்லை. அவன் வயிறு கூப்பாடு போட்டது. குளிர்பெட்டி, பெண்கள், பட்டாணி எல்லாம் நினைவுக்கு வந்தன. அவற்றோடு கணவாயும், மோட்டாரும், கர்னலின் நிலவறையும் நினைவுக்கு வந்தன. இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்ததை ஒரு நொடியில் எரித்துவிடுவதா? கண்ணில் நீர் வந்து குறி மங்கியது. துடைத்துவிட்டுப் பார்த்தபோது மந்தை வேலியைத் தாண்டிப் பண்ணை நிலத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அங்கே சுடக்கூடாது.

எதிர்மேட்டில் ஒரு ஆரஞ்சு மேற்சட்டை எழுந்தது. கஸ் பொக்கோர்னி. இறங்கி வந்தான்.

"நீ சுடுவேன்னு பாத்துட்டே இருந்தேன்" என்றான் கஸ்.

"நீ ஏன் சுடல?"

"கடைக்காரன் பேருதான். எங்கிட்ட இருக்கறது மூணு" என்றான் கஸ். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, டெல்லிடம் இருபதும் இருக்கிறதா, அதில் பாதிக்கு ஏதாவது மாற்றிக்கொள்வானா என்று விசாரித்தான். டெல்லின் கை தானாகச் சட்டையைப் பொத்திக்கொண்டது.

வீட்டு வாசலில் லோர்னா காத்திருந்தாள். வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"காலைலேருந்து ஒரு வெடிச்சத்தம் கேக்கலையே, டெல்?"

"ஒண்ணும் வீணாகல" என்றான் அவன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஆபெர்க் வீட்டில் மக்ரோனி சாப்பிட்டார்கள்.