கழுவிய வீடு

அப்பா பெயிண்டர். சுவரைக் கழுவாமல் பிரஷைத் தொடமாட்டார். கழுவுவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. கூரையில் தொடங்கிக் கீழே வரவேண்டும். அழுக்குத் தண்ணீர் அடுத்தவர் வாசலில் கால் வைக்கக்கூடாது. அதற்காகச் சின்னதாக மண்வரப்பு கட்டி, தண்ணீரைப் பின்சுவரோரம் தேக்கி அங்கேயே வற்றவிடுவார். அக்கம்பக்கத்தில் அவருக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுத்ததே அந்த வரப்புதான்.

அணு உலை வெடித்ததிலிருந்து ஊரே முகாமின் தகர அறைகளில் குடியிருந்தது. பக்கத்து அறைக்காரர் தும்மினால் இங்கிருந்தே நூறாயுசு சொல்ல வேண்டியிருக்கிறது என்று அம்மா கேலி செய்வாள். அப்பா சிரிக்கமாட்டார். அவர் நினைப்பெல்லாம் வீட்டின் மேலேயே இருந்தது. முதல்முறை கதிர்வீச்சை அளந்துபோனவர்கள், அளவு கொஞ்சம்தான் கூட இருக்கிறது, அடுத்த அளவிலும் இப்படியே இருந்தால் அரசாங்கமே சுத்தம் செய்து சாவியைக் கொடுத்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். எல்லையைத் தாண்டிவிட்டால் இடிப்புதான்.

கொஞ்சம் என்ற சொல் அப்பாவை உறங்கவிடவில்லை. பகலில் வீட்டைப் பார்த்துவர அனுமதிச் சீட்டு கிடைத்தபோதெல்லாம் மகளைக் கார் ஓட்டச் சொல்லிக் கிளம்பினார். மகள் மருந்துக்கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். வெள்ளைப் பாதுகாப்பு உடுப்புக்குள் வேர்த்துக்கொட்ட இருவரும் கூரை ஓடுகளைத் தேய்த்தார்கள், சுவர்களைத் தேய்த்தார்கள். தண்ணீர்க் குழாயைப் பிடித்து நின்றது அவள்தான். வீட்டிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது என்று சீட்டின் பின்னால் அச்சடித்திருந்தது. கழுவக்கூடாது என்று எங்கும் இல்லை.

இன்று கடைசி அளவு. வந்தவன் ஒல்லியான இளைஞன். கையிலிருந்த கருவி ஓயாமல் சத்தம் போடுவதால் முகாமில் எல்லோரும் அவனை டிக்டிக் என்றே கூப்பிட்டார்கள். அவனும் அதற்குத் திரும்பிப் பார்ப்பான். வாசலில் கருவி அடங்கி ஒலித்தது. கூரையருகே இன்னும் அடங்கியது. நல்லா குறைஞ்சிருக்கே என்று அவன் சொன்னதும், அப்பா முகமூடிக்குள் சிரிப்பது கண்களிலேயே தெரிந்தது. உள்ளே ஜன்னலைத் திறந்துவைக்கிறேன் என்று வேகமாகப் போனார்.

பின்சுவருக்கு வந்ததும் கருவி அலறியது.

டிக்டிக் குனிந்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான். சுவருக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. மகளைத் தனியே அழைத்தான்.

"அக்கா, இங்க யாராவது தண்ணி விட்டீங்களா?"

அவள் வரப்பைப் பார்த்தாள். அதுவே அவனுக்குப் பதிலாக இருந்தது. கூரையில் பரவிக் கிடந்ததெல்லாம் தண்ணீரோடு வந்து இங்கே சேர்ந்துவிட்டது என்று தணிந்த குரலில் சொன்னான். மேல்மண்ணோடு நின்றிருந்தால் வழித்து எடுத்துவிடலாம். இது விரிசல் வழியாக அறையின் தளத்துக்கு அடியில் போயிருக்கிறது. வீட்டைப் பெயர்க்காமல் அதை எடுக்க வழியில்லை. தேய்க்காமல் விட்டிருந்தாலே சுத்தம் செய்யும் பட்டியலில் சேர்ந்திருக்கும் என்று சொல்ல வந்து, பாதியில் வாயை மூடிக்கொண்டான். மீதியை அவளே புரிந்துகொண்டாள்.

"அப்பாகிட்ட இத சொல்லாதீங்க தம்பி. பக்கத்துத் தோப்புலேருந்து வந்துதுன்னு சொல்லிடுங்க."

தலையாட்டினான். பொய் சொல்லிப் பழக்கமில்லாத தலையாட்டல்.

அதற்குள் பின் அறையின் ஜன்னல் திறந்தது. அப்பா அங்கே நின்றிருந்தார். டிக்டிக் தோப்பைக் கைகாட்டி ஏதோ தொடங்கினான். காற்று என்றான், இலை என்றான். வார்த்தைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. அப்பா அவனைப் பார்க்கவில்லை. கருவியையும் பார்க்கவில்லை. சுவரோரத்து வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் போகும் வழியைப் பார்த்தவரிடம் தோப்புக் கதை செல்லுமா?

"தண்ணி தேங்கின எடத்துலதான் கத்துது, இல்ல?"

டிக்டிக் கருவியை அணைத்தான்.

"மத்த எடமெல்லாம் நல்லாதானே வந்துது" என்றார். யாரிடம் கேட்கிறார் என்று தெரியவில்லை. வெளியே வந்து, இடிப்புக்கான சிவப்பு ஸ்டிக்கரை ஒட்ட இடம் தேடித் தயங்கியவனுக்குத் தானே கதவைப் பிடித்துக்கொண்டார். மகளுக்கு அவர் தோளைத் தொடவேண்டும் போலிருந்தது. இரண்டு உடுப்புகளையும் தாண்டித் தொட்டால் என்ன தெரியப்போகிறது என்று கையை இறக்கிக்கொண்டாள்.

சோதனைச்சாவடியில் உடுப்பைக் கழற்றிப்போட்டுக் காருக்கு வந்ததும் அம்மாவின் போன். மகள் எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது. அப்பா வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன, ரெண்டு பேரும் அங்கேயே குடியேறிட்டீங்களா? துணிக்கடையில நிக்கிறேன். ஜன்னலுக்குப் போட நீலத்துல ஒண்ணு இருக்கு, சாயம் போகாதாம். எவ்வளவு வாங்கட்டும்?"

மகள் காரைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"பின் ரூம் ஜன்னல் பெருசு" என்றார். "கொஞ்சம் கூடவே வாங்கு."