நெவியானா தேர்ந்தெடுத்த மலை

அந்த வருஷம் மலையைத் தேர்ந்தெடுக்கும் முறை நெவியானாவுடையது. குளிர்காலம்தோறும் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு வாரம் பனிச்சறுக்குப் போவார்கள். எங்கே போவது என்று வருஷத்துக்கு ஒருவர் முடிவு செய்வார். மற்றவர்கள் கிண்டல் பண்ணலாம், முணுமுணுக்கலாம், ஆனால் கடைசி வார்த்தை முறைக்காரருடையது. இத்தனை வருஷமாக அந்தப் பழக்கத்தால் ஒரு சண்டையும் வந்ததில்லை.

டிசம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், ப்லோவ்திவ் நகரத்தில் அவள் வீட்டுச் சமையலறை மேஜையில் ரவ்னிஷ்டே, ஓர்லோவெத்ஸ் என்ற இரண்டு மலைகளின் வரைபடங்கள் விரிந்து கிடந்தன. மேலே ஊறுகாய்க் கோஸும், மெல்லியதாக நறுக்கிய காய்ந்த இறைச்சியும், லூபென் வீட்டில் காய்ச்சிய திராட்சைச் சாராயமான ரக்கியாவும் இருந்தன. லூபெனும் நெவியானாவின் கணவன் கலோயனும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். லூபெனின் மனைவி த்ரயானா. ஐந்தாவது ஆள் அஸ்பாரூஹ். இரண்டு முறை விவாகரத்து ஆனவன், அந்தக் கூட்டத்துக்கு வாய் அவன்தான்.

"ரவ்னிஷ்டேன்னு முடிவு பண்ணியிருக்கேன்" என்றாள் நெவியானா.

 அஸ்பாரூஹ் மெதுவாகத் தன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ரவ்னிஷ்டேவா? எங்க அத்தை அங்கதான் போவா. இடுப்பெலும்ப மாத்தின பிறகு."

த்ரயானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லூபென் வரைபடத்தை இழுத்துப் பார்த்தான். ரவ்னிஷ்டே மரமே இல்லாத மொட்டை மலை. தடங்கள் எல்லாம் ஆற்றுப் படுகை மாதிரி அகலம், பாதிக்கு மேல் நீலக் குறியிட்ட சுலபமான தடங்கள்; சிவப்பு, கருப்பு என்று கடினமானவை குறைவு. "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல இறங்கி முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துரும்டி" என்றான்.

"நாமெல்லாம் யாரு? நடுத்தரம்" என்றாள் நெவியானா. "நீலத்துல நல்லாப் போவோம், சிவப்புல பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போவோம். நமக்குச் சரிவு பிரச்சினையில்ல. குறுகலான தடம், கூட்டம், மத்தியானத்துக்கு மேல வர்ற களைப்பு, இதுதான் பிரச்சினை. ஓர்லோவெத்ஸ்ல இந்த மூணும் இருக்கு."

"நீலத்துல ராஜா, சிவப்புல பிரஜை, கருப்புல பிணம்" என்றான் அஸ்பாரூஹ். "அதுக்காக முதியோர் இல்லத்துக்கா போறது?"

"நான் போன வருஷமே சிவப்புல நின்னு நிதானமா இறங்கினேன்" என்றாள் த்ரயானா. அது பொய். பாதிவழி உட்கார்ந்தே இறங்கினாள். அதை ஒருவரும் சொல்லிக்காட்டவில்லை.

நெவியானா கலோயனைப் பார்த்தாள். அவன் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. 'ரவ்னிஷ்டேயே போகலாம்' என்று ஒரு வார்த்தை, அது போதும். அவன் இறைச்சித் துண்டு ஒன்றை எடுத்து நிதானமாக மென்றான்.

"ஓர்லோவெத்ஸ்தான் மலை" என்றான் கலோயன். "காட்டுக்குள்ள போற அந்த நீளமான சிவப்பு. அதை விட்டுட்டு எவன் மொட்டை மலைக்குப் போவான்? நெவி, நீ எப்ப இப்படிப் பயந்தாங்கொள்ளி ஆன?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். 

அந்த மேஜையில் அவளுக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. கலோயனின் இடது கண் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம். நேராகப் பார்த்தால் எல்லாம் தெரியும், இடது ஓரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வந்தது. அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன், அதுதான் பிழைப்பு. செப்டம்பரில், பாடம் முடித்துத் தனியாகத் திரும்பும்போது இடப்பக்கமிருந்து வந்த சைக்கிள்காரி ஒருத்தியைக் கடைசி நொடியில்தான் பார்த்திருக்கிறான். அவள் தடுமாறி நடைபாதையில் விழுந்து, எழுந்து, திட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பால்கனியில் நின்றபடி நெவியானாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டு அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டான்.

"யார்கிட்டயும் சொல்லாத. லூபென்கிட்டகூட. லைசென்ஸ் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லு? சொட்டு மருந்து போட்டுக்கிட்டிருக்கேன். இதுக்கு மேல போகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

அவள் கால்நடை மருத்துவர். ஒரு கண் போன குதிரைகளைப் பார்த்திருக்கிறாள். தெரியாத பக்கமிருந்து நெருங்கினால் அவை எப்படி மிரளும் என்று அவளுக்குத் தெரியும். கணவனைப் பற்றி அப்படி நினைத்ததற்காக அன்றைக்கு வெட்கப்பட்டாள். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்கும் கொடுத்தாள்.

"சரி" என்றாள் இப்போது, மேஜையில் இருந்த ரவ்னிஷ்டே வரைபடத்தை மடித்தபடி. "ஓர்லோவெத்ஸே போவோம்."

லூபென் மேஜையைத் தட்டினான். எல்லார் கோப்பைகளும் நிறைந்தன.

பிப்ரவரியில் போனார்கள். முதல் நாள் நல்ல வெயில். பனி இறுகி, நிழல்கள் கத்தி மாதிரி விழுந்து, ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெளிவாகத் தெரிந்தது. நெவியானா நாள் முழுக்கக் கலோயனின் இடப்பக்கமாகவே போனாள். அவன் திரும்பினால் திரும்பினாள், நின்றால் நின்றாள். பின்னாலிருந்து எவனாவது வேகமாக வந்தால், அவனுக்கும் கலோயனுக்கும் நடுவில் போய்ப் புகுந்துகொண்டாள். சாயங்காலம் தொடையெல்லாம் நடுங்கியது.

"என்னடி, புருஷனுக்குப் போலீஸ் காவலா?" என்று கேட்டாள் த்ரயானா, மலைமேல் ஏற்றும் நாற்காலி லிஃப்டில் பக்கத்தில் உட்கார்ந்தபடி. "ஒரு அடி விலக மாட்டேங்கிற. ஏதாவது தப்புப் பண்ணிட்டானா?"

"எங்களுக்குள்ள புதுசாக் காதல் வந்திருக்கு" என்றாள் நெவியானா.

"இந்த வயசுலயா? கொடுத்து வெச்சவ."

காலுக்குக் கீழே மரங்களின் உச்சிகள் நகர்ந்தன. இப்போதே சொல்லிவிடலாம், இரண்டு வாக்கியம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குள் லிஃப்ட் மேலே வந்துவிட்டது. தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட்டு இறங்கினார்கள்.

இரண்டாம் நாள் காலையிலேயே வானம் கீழே இறங்கியிருந்தது. மூடுபனி இல்லை, பனியும் பொழியவில்லை. வானமும் தரையும் ஒரே நிறம், அவ்வளவுதான். நிழல் இல்லாததால் மேடு எது, பள்ளம் எது என்று காலால்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நல்ல கண் உள்ளவர்களே தடுமாறினார்கள். கலோயன் அன்றைக்கு அதிகம் பேசவில்லை. வழக்கத்தைவிட வேகமாகப் போனான். பயந்த ஆள் வேகமாகப் போவது நெவியானாவுக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டின்போது பீன்ஸ் சூப் கிண்ணத்துக்கு மேல் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "இன்னிக்குப் போதும் கலோ. அறைக்குப் போயிடலாம்."

"எல்லாருக்கும் என்ன சொல்றது?"

"எனக்கு முட்டி வலிக்குதுன்னு சொல்றேன்."

"நீ போ" என்றான். "நான் காட்டுத்தடத்துல ஒரே ஒரு தடவை இறங்கிட்டு வர்றேன்."

அவளும் போனாள், அவனுக்கு இடப்பக்கத்தில்.

காட்டுத்தடம் முதலில் அகலமாக ஆரம்பித்து, பைன் மரங்களுக்கு நடுவே குறுகிக்கொண்டே போகும். குறுகும் இடத்தில் த்ரயானா விழுந்தாள். ஒரு சறுக்குப் பலகை கழன்று தனியாகச் சறுக்கிப் போய் ஓரத்து வலையில் சிக்கியது. "நெவி, ஐயோ, பிடி அதை!" என்று கத்தினாள். நெவியானா நின்றாள். பலகையை எடுத்து வந்து, த்ரயானாவின் பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைக் குச்சியால் தட்டிவிட்டு, அவளை எழுப்பி நிறுத்தினாள். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது கலோயன் நிற்கவில்லை. கீழே சாம்பல் வெளிச்சத்தில் அவன் சிவப்பு மேலங்கி போய்க்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் லூபென்.

"கலோ!" என்று கத்தினாள். "நில்லு!"

லூபென் அவனை முந்தப் பார்த்தான். வருஷாவருஷம் இரண்டு பேரும் விளையாடும் விளையாட்டுதான் அது. இடப்பக்கம் இடம் இருந்தது. லூபென் வேகம் எடுத்து, "வழி விடுடா கிழவா!" என்று உற்சாகமாகக் குரல் கொடுத்தான். அடுத்த நொடியில் கலோயன் இடப்பக்கம் திரும்பினான். அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. அங்கே யாருமே இல்லாத மாதிரி, முழு உடம்போடு திரும்பினான்.

இரண்டு பேரும் ஒன்றாகி மரங்களை நோக்கிப் போனார்கள். சத்தம் தாமதமாகத்தான் அவளுக்குக் கேட்டது.

கலோயன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். உதட்டில் மட்டும் ரத்தம். லூபென் ஒரு பைன் மரத்தடியில் கிடந்தான். வலது கால், கால் போகக்கூடாத திசையில் இருந்தது. முகம் பனியின் நிறத்துக்கு வந்திருந்தது. த்ரயானா எப்படி அங்கே வந்து சேர்ந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "தூங்காத, என்னைப் பாரு, தூங்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மீட்புக்காரர்கள் இரண்டு பேர் பனியில் இழுக்கும் படுக்கையோடு வந்தார்கள். காலைக் கட்டிக்கொண்டே அவர்களில் ஒருவர் கேட்டார்: "யாரு மேலேருந்து வந்தது? யாரு பின்னால?"

"நான்தான்" என்றான் லூபென், பற்கள் கிடுகிடுக்க. "நான்தான் முந்தினேன். என் தப்பு. அவன் முன்னால போயிட்டிருந்தான்."

மலையின் சட்டம் அதுதான். பின்னால் வருபவன்தான் பார்த்து வர வேண்டும். மீட்புக்காரர் தலையாட்டிக்கொண்டார். பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த அஸ்பாரூஹ் லூபெனின் தோளைத் தட்டி, "பேசாத, மாப்ள. எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றான். நெவியானா கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலோயன் உதட்டு ரத்தத்தைக் கையுறையால் துடைத்தான். பனியைப் பார்த்தான். கழன்றிருந்த தன் பலகையை எடுத்து மாட்டத் தொடங்கினான்.

ஆம்புலன்ஸில் த்ரயானாவும் அஸ்பாரூஹும் போனார்கள். ஆஸ்பத்திரி அடிவாரத்து ஊரில், வளைந்து வளைந்து இறங்கும் சாலையில் போக வேண்டும். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாகன நிறுத்தத்தில் கலோயன் காரைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இன்ஜினை முடுக்கினான். நெவியானா ஏறவில்லை. முகப்பு விளக்குக்கு முன்னால் போய் நின்றாள்.

"என்ன பண்ற? ஏறு."

"இறங்கு."

"நெவி, அவனுக்கு அங்க என்ன ஆச்சோ..."

"இறங்குடா" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவன் இறங்கினான். அவள் ஓட்டினாள். ஊசிமுனை வளைவுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. எதிரே பேருந்துகள் விளக்கோடு ஏறி வந்தன. 

"சட்டப்படி அவன் தப்புதான்" என்றான் கலோயன், ஒரு வழியாக. "அவனே சொல்லிட்டான்ல."

"அவன் 'வழி விடு'ன்னு கத்தினது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம்?"

"வலப்பக்கத்துலேருந்து கத்துறான்னு நினைச்சேன். வலப்பக்கம் பார்த்தேன்." குரல் இறங்கியது. "அங்கயும் ஒண்ணும் சரியாத் தெரியல நெவி. அதான் இடப்பக்கம் ஒதுங்கினேன்."

அவள் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்த கார் ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போனது. அவள் சாலை ஓரத்தில் நிறுத்தினாள்.

"வலது கண்ணுமா?"

"கோடைக்காலத்துலேருந்து."

அப்படியானால் பால்கனியில் நின்று பேசிய அன்றைக்கே அவனுக்குத் தெரியும். இரண்டு நாளாக அவள் இடப்பக்கத்தை மட்டும் காவல் காத்திருக்கிறாள். ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவன் அவள் முதுகில் கை வைக்க வந்தான். "தொடாத" என்றாள். சற்று நேரம் கழித்து மறுபடி காரை எடுத்தாள்.

லூபெனுக்கு அன்றிரவே தொடையில் கம்பி வைத்தார்கள். மறுநாள் காலை நெவியானா தனியாக அவன் அறைக்குள் போனாள். த்ரயானா ஜன்னலோரம் முந்தைய நாள் உடுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். கலோயன் வெளியே தாழ்வாரத்தில் நின்றான். நீயே சொல் என்று அவள் அவனிடம் கேட்டுப் பார்த்தாள். அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நின்றபடியே சொன்னாள். கண், சைக்கிள்காரி, கொடுத்த வாக்கு, நேற்று காரில் கேட்டது வரை எதையும் விடவில்லை.

லூபென் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான். முடிந்ததும், "கழுதை" என்றான். "என்கிட்ட சொல்லியிருந்தா நான் அவனை மொட்டை மலைக்குத் தூக்கிட்டுப் போயிருப்பேனே." கண் ஓரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. "இப்ப எங்க அவன்? உள்ள வரச் சொல்லு."

த்ரயானா எழுந்து கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"அவன் நோயாளி. நோயை மறைக்கிறவன் முட்டாள், அதுகூடப் புரியுது எனக்கு" என்றாள். சத்தமே போடவில்லை. "உனக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு? அன்னிக்கு உன் மேஜையில உட்கார்ந்துதானே நாங்க சிரிச்சோம். முறை உன்னுது. ரவ்னிஷ்டேன்னு நீ ஒரே பிடியா நின்னிருந்தா நாங்க முணுமுணுத்துக்கிட்டே வந்திருப்போம். காரணம்கூடக் கேட்டிருக்க மாட்டோம்."



"இந்த மலையைத் தேர்ந்தெடுத்தது நீதான்" என்றாள் த்ரயானா. கதவைத் திறந்துவிட்டாள், கலோயன் உள்ளே வருவதற்காக இல்லை, நெவியானா வெளியே போவதற்காக.

மார்ச்சில் கலோயன் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தான். லூபென் ஊன்றுகோலோடு இரண்டு தடவை அவனைப் பார்க்க வந்தான், நெவியானா வேலைக்குப் போயிருந்த நேரத்தில். த்ரயானா வரவில்லை. தெருவில் ஒரு தடவை எதிரே வந்தவள், நெவியானாவைப் பார்த்ததும் சாலையைக் கடந்து அந்தப் பக்கமாகப் போய்விட்டாள்.

கலோயன் இப்போது வீட்டுக்குள் நடக்கும்போது சுவரில் விரலை வைத்துக்கொண்டு நடக்கிறான். நெவியானா பார்க்கும்போது விரலை எடுத்துவிடுகிறான். அதனால் அவள் அவனைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள்.