புது இலையா, பழைய இலையா

பெரியவளுக்கு ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் வேலை. சீட்டைக் கையில் வாங்கியதுமே, நீட்டியவருக்கு என்ன நோய், அது எந்த மட்டில் இருக்கிறது, வீட்டில் சொல்லியிருக்கிறாரா மறைக்கிறாரா என்பதுவரை கணித்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் வீட்டுப் பின்பக்கம் நின்ற பேஷன் ஃப்ரூட் கொடிக்கு என்ன வந்தது என்பது மட்டும் பிடிபடவில்லை.

அந்தக் கொடி ஒரு காரியமாக நடப்பட்டது. பெரியவளின் கணவனும் அவன் தம்பியும் அப்பாவின் மனையைப் பாதியாகப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் வீடு கட்டி, நடுவில் ஆள் உயரத்துக்குக் கம்பிவலை அடித்திருந்தார்கள். சுவர் வைத்தால் சொந்தம் விட்டுப்போகும், வலை என்றால் முகம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். மனைவிமாரை யாரும் கேட்கவில்லை.

ஒரு விருந்தில் சின்னவள், அதாவது தம்பி மனைவி, நாத்தனாரிடம் சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொன்னாள்: "அக்கா மாத்திரைக்கு நடுவுலயே இருந்து இருந்து, அவங்க பேச்சும் மாத்திரை மாதிரி ஆயிடுச்சு. கசப்பு. வேளைக்கு ஒண்ணு." நாத்தனார் அதைச் சூடு ஆறுவதற்குள் கொண்டுவந்து பெரியவள் காதில் போட்டாள். அன்றோடு ஓரகத்திகளுக்குள் பேச்சு நின்றது. பேச்சு நின்றாலும் முகம் நிற்கவில்லை. துணி உலர்த்தப் போனால் அந்த முகம். குப்பை கொட்டப் போனால் அந்த முகம். சீக்கிரம் வளர்ந்து அடர்த்தியாகப் படர்கிற ஏதாவது ஒன்று கொடுங்கள் என்று நர்சரியில் கேட்டு வாங்கி வந்து, வலையோரம் நட்டாள் பெரியவள்.

கொடி சொன்ன சொல் காப்பாற்றியது. வருஷம் திரும்புவதற்குள் வலை மறைந்தது, முகமும் மறைந்தது. வெயில் அந்தப் பக்கம் என்பதால் தளிரும் பூவும் காயும் அந்தப் பக்கமே போயின. இவள் பங்குக்குத் தண்டும் முற்றிய இலைகளும் நிழலும். அதற்கு அவள் வருத்தப்படவில்லை. முகம் தெரியாமல் இருந்தால் போதும்.

இப்போது அந்தக் கொடிதான் மஞ்சளித்து இலை உதிர்த்தது. முதலில் ஒரு ஓட்டை விழுந்தது, அதில் சின்னவளின் காது தெரிந்தது. அடுத்த வாரம் தோள் தெரிந்தது. பெரியவள் தண்ணீரைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். சாண உரம் வைத்தாள். ஒன்றுக்கும் அசையவில்லை.

"அவதான் எதையோ ஊத்தறா" என்றாள் கணவனிடம்.

"அவ எதுக்கு ஊத்தணும்? பழம் மொத்தமும் அவ பக்கம்தானே காய்க்குது?"

"அந்தக் குற்ற உணர்ச்சி தாங்காமத்தான்."

கணவன் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் கற்ற வித்தை அது ஒன்றுதான்.

வேறு வழியில்லாமல் நர்சரிக்காரிக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் யாரோ விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். நர்சரிக்காரி அவசரத்தில் இருந்தாள்.

"மஞ்சள் எங்கே ஆரம்பிச்சது? புது இலையிலயா, பழைய இலையிலயா?"

"இலையெல்லாம்தான் மஞ்சள்."

"அப்படிச் சொன்னா எப்படிம்மா? பழசுன்னா ஒரு மருந்து, புதுசுன்னா வேற மருந்து. பார்த்துட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

பெரியவளுக்குச் சுருக்கென்றது. 'எப்போதிலிருந்து வலிக்கிறது, எங்கே ஆரம்பித்தது' என்று கேட்டால் 'உடம்பு முழுக்கத்தான்' என்று சொல்கிறவர்களைக் கவுண்டரில் அவள் எத்தனை முறை மனசுக்குள் திட்டியிருப்பாள்!

புது இலை ஒன்றுகூட இவள் பக்கம் இல்லை. கணவன் மூலமாகத் தம்பியிடம் போட்டோ கேட்டாள். வந்தது. அதில் முக்கால்வாசி தம்பியின் கட்டைவிரல், மீதி வானம். இன்னொன்று கேட்டாள். அதில் கட்டைவிரல் மட்டும் தெளிவாக இருந்தது.

மறுநாள் காலை வலையோரம் போய் நின்றாள். ஓட்டைக்கு அப்பால் சின்னவள் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். பெரியவள் கொடியின் தண்டைப் பார்த்து, உரக்கச் சொன்னாள்: "அந்தப் பக்கத் தளிர் எப்படி இருக்குன்னு யாராவது சொன்னா நல்லாயிருக்கும்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. சின்னவளும் கொடியைப் பார்த்தே பதில் சொன்னாள்: "யாராவது கேட்டா, சொல்றதுக்கு ஆள் இருக்கு."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கொடி பேசட்டும் என்று காத்திருந்தார்கள். அது பேசுகிற நிலையில் இல்லை.

"கேக்கறேன்" என்றாள் பெரியவள். "சொல்லு."

சின்னவள் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. நிறத்தைப் பற்றிக் கேட்டுவிட்டால் அவளுக்குக் கோபதாபமெல்லாம் மறந்துபோகும். "தளிர்தான்க்கா ரொம்ப மோசம். எலுமிச்சை மஞ்சள், சில இடத்துல வெள்ளைக்குப் பக்கமா. ஆனா நரம்பு மட்டும் நல்ல பச்சை. மெல்லிசு தூரிகையால வரைஞ்ச மாதிரி ஒவ்வொரு நரம்பும் தனியாத் தெரியுது. கீழ வர வரப் பச்சை கூடுது."

ஒரு இலையைப் பறித்து வலைக்குள் நீட்டினாள். சொன்னது அச்சு அசலாக இருந்தது. பெரியவள் அங்கேயே நர்சரிக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இரும்புச் சத்து இல்லம்மா. மண்ணுல இருந்தாலும் சில நேரம் வேர் எடுக்காது."

மனுஷருக்கு என்றால் ரத்தசோகை. போனை வைத்ததும், கவுண்டரில் பிள்ளைத்தாய்ச்சிகளிடம் ஓயாமல் சொல்கிற வாக்கியம் பெரியவள் வாயில் தானாக வந்தது: 'இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒண்ணாப் போடாதீங்க, ஒட்டாது.' கால்சியம் என்றால் சுண்ணாம்பு.

"ஏய், உன் பக்கம் வேரடியைக் கொஞ்சம் கிளறிப் பாரு!"

சின்னவள் குச்சியால் கிளறினாள். மேல்மண்ணுக்குக் கீழே தோசைக்கல் கனத்தில் ஒரு வெள்ளைப் பாளம் வந்தது. பெரியவள் இந்தப் பக்கம் கிளறினாள். இங்கேயும் அதே பாளம்.

இரண்டு பேரும் முதல் முறையாக ஓட்டை வழியாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரே நேரத்தில் வீட்டுப் பக்கம் திரும்பி, "என்னங்க!" என்று கூப்பிட்டார்கள்.

விசாரணையில் எல்லாம் வெளிவந்தது. மழைக்கு முன்பு இரண்டு வீட்டுப் பின்சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தபோது, அண்ணனும் தம்பியும் மூட்டையைச் சேர்த்து வாங்கி, சேர்ந்தே கரைத்து, மிச்சத்தையும் வாளி கழுவிய தண்ணீரையும் சேர்ந்தே அந்த வேரில் ஊற்றியிருந்தார்கள்.

"எங்கேயாவது ஊத்தணும்ல" என்றான் அண்ணன்.

"செடிக்கு நல்லதுன்னு நினைச்சோம் அண்ணி" என்றான் தம்பி.

"நாங்க பேசாம இருக்கிறப்ப நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து சுண்ணாம்பு கரைச்சீங்களா?" என்று சின்னவள் கேட்டபோதுதான், தெருமுனைக் கடையில் அண்ணனும் தம்பியும் தினமும் சேர்ந்து டீ குடிப்பதும் வெளியே வந்தது. பெரியவளுக்குச் சுண்ணாம்பைவிட அந்த டீதான் அதிகம் எரிந்தது.

பிறகு வைத்தியம் நடந்தது. ஆண்கள் பாளத்தைத் தோண்டி எடுத்தார்கள். மட்கிய இலை உரத்தைச் சுமந்தார்கள். இரும்புக் கரைசலைப் பெரியவள் சொட்டு பிசகாமல் அளந்து வலைக்கு மேலே நீட்டுவாள், சின்னவள் தளிரில் தெளிப்பாள். "இன்னிக்கு மஞ்சள் ஒரு படி இறங்கியிருக்குக்கா." "அப்போ அளவைக் குறைப்போம்." கொடியில் ஆரம்பித்த பேச்சு பிள்ளைகள், முழங்கால் வலி, ஹெட்மாஸ்டர், பெரிய டாக்டரின் கையெழுத்து என்று எங்கெங்கோ போனது. பெரியவள் சிரித்துச் சிரித்து ஒருநாள் பஸ்ஸைக்கூட விட்டாள்.

கொடி பிழைத்தது. அதுதான் வினையாகப் போனது. பச்சை பிடித்து, ஓட்டையெல்லாம் அடைத்துக்கொண்டு, முன்னைவிட மூர்க்கமாகப் படர்ந்தது. அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்தாள்.

"அடேயப்பா! யார் கைவண்ணம் இது?"

"நான்தான் கண்டுபிடிச்சேன்" என்றார்கள் இருவரும், வலைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு.

"நிறத்தைப் பார்த்துச் சொன்னது யாரு?" என்றாள் சின்னவள். "நான் சொல்லலைன்னா என்ன மருந்து கொடுத்திருப்பாங்க?"

"நிறத்தைச் சொல்லிட்டா ஆச்சா? சுண்ணாம்புன்னு சொன்னது யாரு? மருந்து தெரியாத இடத்துல நிறத்தை வச்சு என்ன பண்றது, சட்டம் போட்டு மாட்டறதா?"

நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள். அவள் கிளம்பிப் போனபோது பேச்சு மறுபடியும் நின்றிருந்தது. அண்ணனும் தம்பியும் மறுபடியும் தெருமுனைக் கடைக்குத் தனித்தனி வழியாகப் போக ஆரம்பித்தார்கள்.

இந்த முறை கொடி இருந்த இருப்பில் காது நுனிகூடத் தெரியவில்லை. பெரியவள் ஆசைப்பட்டது அதுதான். ஆனாலும் காலையில் அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டால், துணியைப் பிழிந்தபடியே நின்றுவிடுவாள். இலையை விலக்கிப் பார்க்கலாம்தான். விலக்கினால் விலக்கியது தெரிந்துவிடும். கவுண்டரில் ஒருநாள், சீட்டு நீட்டிய கிழவரிடம், கேட்கத் தேவையில்லாமல் அரைமணி நேரம் அவர் வீட்டுக் கதையைக் கேட்டாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணிக்குக் கிளிப் போட்டுக்கொண்டிருந்தபோது கொடி அசைந்தது. வளையல் போட்ட கை ஒன்று இலைகளுக்கு நடுவே வந்தது. விரல் நுனியில் ஒரு தளிர் இலை.

"அக்கா" என்றது குரல், கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு. "புது இலையில ஏதோ புள்ளி விழுந்திருக்கு. என்னன்னு தெரியலை."

பெரியவள் இலையை வாங்கினாள். பழுப்புப் புள்ளி. விளிம்பில் அடர்த்தி, நடுவில் வெளிறல், சுற்றிலும் மெல்லிய மஞ்சள் வளையம். நோய் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதுபோல் அத்தனை லட்சணமாக இருந்தது. கட்டைவிரலை எச்சில் தொட்டு லேசாகத் தேய்த்தாள். புள்ளி விரலோடு வந்துவிட்டது. மூக்கருகில் கொண்டுபோனாள். காப்பி.

இலை இப்போது பளிச்சென்று, பிறந்த குழந்தை மாதிரி சுத்தமாக இருந்தது. பெரியவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சாதாரணமா விடற விஷயமில்லை இது" என்றாள், கவுண்டரில் பேசுகிற அதே குரலில். "தினமும் ஒரு இலை பறிச்சுக் காட்டு."