கன்றுத்தோல் அட்டையில் ஒரு பொட்டு

1

இந்தக் கதை எனக்குக் கனடாவில், ஸ்காபரோக் கலியாண மண்டபமொன்றில், சாப்பாட்டு வரிசையில் நின்றபோது கிடைத்தது. (பொய். ஆனாலும் தொடக்கத்திலேயே உண்மை சொல்லும் எழுத்தாளனை எந்த வாசகர் மதித்திருக்கிறார்?)

கதையில் ஒரு புத்தகம். பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சில் ஒரு குயவர் எழுதியது. ஊற்றுநீர் எங்கிருந்து வருகிறது, மலை உச்சியில் சிப்பி எப்படி வந்தது, மண்சட்டிக்கு மெருகு எப்படி ஏற்றுவது என்றெல்லாம் ஆராய்கிறார். எந்தச் சூளையை எப்படிப் பாழாக்கினார் என்பதையும் பக்கம் பக்கமாக ஒப்புக்கொள்கிறார். பிழைக்கத் தெரியாத மனிதர்.

உலகில் மிஞ்சியிருப்பவை சில பிரதிகள்தாம். அதிலொன்று துவாரகா வீட்டின் நிலக்கீழ் அறையில், பேஸ்மென்ற்றில் இருந்தது. பழைய புத்தகங்களைப் பழுதுபார்ப்பது அவள் தொழில். தையல் விட்டுப்போனதைச் சரிசெய்யச் சொல்லிப் புத்தகத்தின் சொந்தக்காரர் ஒப்படைத்திருந்தார்.

2

சரஸ்வதி பூசையன்று துவாரகாவின் மாமியார் பாலேஸ்வரி, வீட்டிலுள்ள புத்தகங்களையெல்லாம் சுவாமி அறையில் அடுக்கினார். பூட்டியிருந்த பேஸ்மென்ற்றைத் திறந்து அந்தப் புத்தகத்தையும் கொண்டுபோய், அட்டையில் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம்

வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். மாமியார் என்றதும் நம்பிவிட்டீர்கள், பாருங்கள். பாலேஸ்வரி என்று ஒருவர் இல்லை. துவாரகாவின் உண்மையான மாமியார் பிக்கரிங்கில் என் தம்பியோடு இருக்கிறார். பாவம், அவருக்கு இது ஒன்றுமே தெரியாது. (அடிக்குறிப்பு: ஓம், துவாரகா என் மனைவி.)

3

சரி. சாவியை எடுத்தது நான்.

என் புதிய நாவலை அந்தப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து முகநூலில் போட ஆசை. கை சும்மா இருக்கவில்லை, இரண்டுக்கும் பொட்டு வைத்தேன். கன்றுத்தோல் அட்டையைச் சரஸ்வதிக்கு முன்னால் வைத்த சைவன் வேறு எவனும் இருக்கமாட்டான். விருப்பக்குறி முப்பத்தொன்று விழுந்தது.

தோல் ஈரத்தைக் குடித்துவிட்டது. துவாரகா மூன்று நாள் பஞ்சும் குச்சியுமாகக் குனிந்தே இருந்தாள். சந்தனம் போனது, சிவப்புப் போகவில்லை. பதினைந்து வருடம் பாடுபட்டுச் சேர்த்த பெயர் அவளுடையது. பழுதுபார்க்கக் கொடுத்ததைப் பாழாக்கினாள் என்று பேச்சு வெளியே போனால், இனி ஒருவரும் அவளிடம் புத்தகம் கொடுக்கமாட்டார்கள். பூட்டியிருந்த அறையைத் திறந்தது நான்தான் என்று நானே சொந்தக்காரருக்கு எழுதிக்கொடுத்தால் ஒருவேளை அவள் பெயர் தப்பலாம். நேற்று அதைத்தான் கேட்டாள்.

"அந்த மனுசன் தான் பிழைவிட்ட சூளை எல்லாத்தையும் எழுதி வச்சிட்டுப் போயிருக்கிறான். உங்களுக்கு ஒரு பொட்டை எழுத ஏலாமல் கிடக்கோ? மூண்டு வரி எழுதித் தாங்கோ, காணும்."

எழுத உட்கார்ந்தேன். வந்தது இந்தக் கதை. எனக்கே வெட்கமாக இருக்கிறது.

4

முடிவுகள்.

(அ) சொந்தக்காரர் பொட்டைப் பார்த்து, கீழைத்தேய ஆசீர்வாதம் என்று கைகூப்புகிறார். இப்படியொரு வெள்ளைக்காரரை நானே இரண்டு கதைகளில் எழுதிவிட்டேன், போதும்.

(ஆ) கறை தானாக மறைகிறது. குங்குமப் பைக்கற்றைத் திருப்பிப் பார்த்தேன். செயற்கைச் சாயம், மறையாது.

(இ) நான் எழுந்து

கீழே அழைப்புமணி. சொந்தக்காரர் வந்துவிட்டார். துவாரகா கதவைத் திறக்கிறாள். ஆங்கிலத்தில், நிதானமாக, கவலையீனம், பிழை எல்லாம் தன்னுடையதுதான் என்று சொல்லத் தொடங்குகிறாள். என் அறையிலிருந்து கீழே பதின்மூன்று படிகள். உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் இறங்கிப் போய்ச் சொல்லுங்கள். நான் (இ)யைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.