சிரிப்பதற்கு ஒரு விதி

1

இது ஒரு வாழ்த்துரையாகப் பிறந்திருக்க வேண்டியது. மெல்பேர்னில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறு வருடமாக மூடிக் கிடந்த தமிழ் மாணவர் சங்கத்தைத் திரும்பத் திறந்திருக்கிறோம், மலருக்கு அரைப் பக்கம் எழுதித் தருவீர்களா அன்ரி என்று ஜெசிக்கா என்ற பெண் சிட்னியில் இருக்கும் எனக்கு மின்னஞ்சல் போட்டாள். வாழ்த்துரை எனக்குக் கைவந்த கலை. 'பெருமகிழ்ச்சி அடைகிறேன்' என்று தொடங்கி 'வாழ்க, வளர்க' என்று முடித்தால் நடுவில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. இருந்தாலும் மரியாதைக்காகத் தொலைபேசியில் அழைத்து, "எப்பிடியம்மா திரும்பத் தொடங்கினீங்கள்?" என்று கேட்டேன். அவள் ஒரு மணி நேரம் சொன்னாள். அடுப்பில் பருப்பு கருகியது. அரைப் பக்கமும் அதோடு போயிற்று.

ஆகவே சங்கம் திறந்துவிட்டது என்பது உங்களுக்கு இப்போதே தெரியும். அந்த இரகசியத்தைக் காப்பாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. எப்படித் திறந்தது என்பதுதான் கதை.

2

முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்தது. ஜெசிக்கா நூலகத்தின் கண்ணாடிச் சாளரத்தருகே நின்று'

நிறுத்திவிட்டேன். கேட்டால், அன்றைக்கு முப்பத்தாறு பாகை வெயிலாம்.

இரண்டாம் தொடக்கம்: 'புலம்பெயர்ந்த மண்ணில் நம் மொழி மெல்ல மெல்ல'

இதையும் விட்டுவிட்டேன். இதே வரியை ஏற்கெனவே பதினொரு வாழ்த்துரைகளில் எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது, உண்மையில் நடந்தபடியே. மார்ச் மாதம், நூலகத்தின் கீழ்த்தளம். வெண்டிங் மெஷின் முன்னால் ஒரு பெண் இடுப்பில் கை வைத்து நின்று அதைத் தமிழில் திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய், வெக்கமா இல்ல உனக்கு? எல்லாத்தையும் வாங்கி முழுங்கிட்டுக் கல்லு மாதிரி நிக்கிற. மரியாதையா சிப்ஸைக் குடுத்துரு."

பின்னால் நின்ற ஜெசிக்காவுக்கு அடக்க முடியவில்லை. "அதுக்குக் காது கேளாது" என்றாள்.

அந்தப் பெண் துள்ளித் திரும்பினாள். "ஐயோ, நீங்க தமிழா?"

"ஓம்."

"ஓம்னா ஆமாவா?"

"ஓம்."

பெயர் ஸ்ருதி. திருச்சி. படிக்க வந்து மூன்று வாரம். "ஃபோன்ல அம்மாகிட்ட பேசுறதை விட்டா, நேர்ல ஒரு ஆள்கிட்ட தமிழ் பேசி மூணு வாரம் ஆச்சுங்க. அதான் மெஷின்கிட்ட ஆரம்பிச்சுட்டேன்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததை ஜெசிக்கா கண்டாள். "இங்க தமிழ்ச் சங்கம் எதுவும் இல்லையா?"

(இங்கே ஜெசிக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நோபல் பார்க்கில் பிறந்தவள். பெற்றோர் மன்னார்க்காரர். தாதியர் படிப்பில் மூன்றாம் வருடம், கடைசி வருடம். வீட்டில் தமிழ் பேசுவாள். வெளியில் யாராவது தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், திமிரில் அல்ல, பயத்தில். 'காது கேளாது' என்று அன்று வாயில் வந்தது அவளுக்கே ஆச்சரியம்.)

3

சங்கங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் மெகன் என்ற பெண்மணி கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, புதிய சங்கங்களுக்கான விண்ணப்பம் இந்த வருடத்துக்கு முடிந்துவிட்டது என்றாள். ஜெசிக்காவின் முகம் விழுந்ததைப் பார்த்து, "ஆனால் உங்களுடையது புதியது இல்லையே, தூங்குகிறது, அவ்வளவுதான்" என்றாள். எழுப்புவதற்கு நான்கு வேண்டும்: இருபது உறுப்பினர், ஒரு பொதுக்கூட்டம், எழுதி நிறைவேற்றிய யாப்பு, கடைசித் தலைவரின் கையெழுத்து. அடுத்த வெள்ளி மாலை ஐந்து மணிக்குள்.

உறுப்பினர் சேர்ப்பதை ஸ்ருதி எடுத்துக்கொண்டாள். மூன்று வாரம் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசி இரண்டு நாளில் பதினேழு பேரைப் பிடித்தாள். அதில் ஒருவன் சித்தார்த். கோயம்புத்தூர். முதுநிலைக் கணினிப் படிப்பு.

"யாப்பு நீங்கள் எழுதுவீங்களா?" என்று ஜெசிக்கா கேட்டாள். அவளுடைய அப்பா யோன், கோயில் சபைக் கூட்டங்களில் சொல்லும் சொல் அது.

சித்தார்த் திடுக்கிட்டான். "யாப்பாங்க? வெண்பாவெல்லாம் எனக்கு வராதுங்களே."

"நோ, நோ. கொன்ஸ்டிடியூஷன்."

"ஓ, சட்டதிட்டமா! அது ராத்திரிக்குள்ள முடிச்சிடலாமுங்க."

முடித்தும்விட்டான். பதின்மூன்று விதி.

* சித்தார்த்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. என் முதல் வரைவில் அவன் கழுத்தை நிமிர்த்தி, மற்றவர்களின் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு திரிந்தான். கதைக்கு ஒரு வில்லன் வசதிதானே. ஜெசிக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "அன்ரி, பாவம் அவர். ஹீ ஜஸ்ட் லைக்ஸ் ரூல்ஸ்" என்றாள். வில்லனை அழித்துவிட்டேன். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. ஆள் வரவில்லை.

4

கடைசித் தலைவர் ரஞ்சினி இப்போது கிரான்பர்னில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர். ஜெசிக்கா ரயில் ஏறிப் போனாள். வெள்ளைக் கோட்டும் முடிந்த கொண்டையுமாக ரஞ்சினி கவுண்டருக்குப் பின்னால் நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுடைய முகம் மூடிக்கொண்டது.

"நீர் ஏன் இதுக்க மினக்கெடுறீர்? படிப்பை முடியும், வேலைக்குப் போம்."

"அக்கா, ஜஸ்ட் ஒரு சைன்."

"ஏன் மூடினனான் எண்டு தெரியுமோ?"

தெரியாது. பத்து நிமிட இடைவேளையில் கடையின் பின்பக்கம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ரஞ்சினி சொன்னாள்.

2019 பொங்கல் விழா. இருநூறு பேர். வரவேற்புரை சொல்ல ஒரு பெண் மேடையேறினாள். இங்கே பிறந்த பிள்ளை. எழுதி மனப்பாடம் பண்ணி வந்திருந்தாள். இரண்டாவது வரியிலேயே சொற்கள் குழம்பின. பக்கத்தில் மைக்கோடு நின்ற ரஞ்சினி சிரித்துவிட்டாள். மைக் அதைப் பெரிதாக்கியது. மண்டபம் சேர்ந்துகொண்டது. அந்தப் பெண் தாளை மடித்து, மேடையை விட்டு இறங்கி, நேரே வாசலால் போனாள்.

"திரும்பி வரேல்ல. அவளோட ஆறு பேர் வராமல் நிண்டவை. பிறகு, இங்க பிறந்தவை, அங்கயிருந்து வந்தவை, இந்தியாக்காரர், நாங்கள் எண்டு ஆளாளுக்கு ஒரு பக்கம். வருசக் கடைசிக் கூட்டத்துக்கு வந்தது நானும், சாப்பிட வாங்கின முப்பது றோல்ஸும்தான். வீட்டை போய் மூடுறம் எண்டு மெயில் அடிச்சனான்."

ரஞ்சினி மணிக்கூட்டைப் பார்த்தாள், ஆனால் எழும்பவில்லை.

"பன்ரெண்டு வயசில இங்க வரேக்க எனக்கு ஒரு சொல் இங்கிலீஷ் தெரியாது. வகுப்பே என்னைப் பாத்துச் சிரிச்சது. அது எப்பிடி இருக்கும் எண்டு தெரிஞ்ச ஆள் நான். தெரிஞ்சுகொண்டு அதையே செய்தனான்."

(இந்த இடத்தில் ஒரு முடிவு தயாராக இருந்தது: ரஞ்சினி கண்கலங்கிக் கையெழுத்துப் போடுகிறாள், சுபம். இன்னொன்றும் யோசித்தேன்: ஜெசிக்கா ரயிலில் திரும்பும்போது கையெழுத்தைத் தானே போட்டுப் பழகுகிறாள். முதலாவது நடக்கவில்லை. இரண்டாவதை ஜெசிக்காவிடம் சொன்னேன், "அன்ரி!" என்று அலறினாள்.)

நடந்தது இதுதான். இடைவேளை முடிந்து எழும்பும்போது ரஞ்சினி சொன்னாள்: "ஒருத்தற்ற தமிழைப் பாத்தும் ஒருத்தரும் சிரிக்கக் கூடாது. அதை யாப்பில போடும். நிறைவேறினால் நான் வந்து சைன் வைக்கிறன்."

5

வியாழன் மதியம், ஒரு வகுப்பறை. இன்னும் சிலரும் சேர, இருபத்துமூன்று பேர் வந்திருந்தார்கள். ஜெசிக்காவைத் தற்காலிகத் தலைவராக்கி முன்னால் உட்கார வைத்தார்கள். பதின்மூன்று விதிகளும் பதினைந்து நிமிடத்தில் கை தூக்கி நிறைவேறின. ரஞ்சினி கேட்ட பதினான்காவதில் வண்டி குடைசாய்ந்தது.

"சிரிக்கவே கூடாதுன்னா அப்புறம் எதுக்குங்க சங்கம்?" என்றான் சித்தார்த். "அதுக்கு லைப்ரரியே இருக்குதுங்களே."

"சிரிக்கிறது வேற, நக்கல் அடிக்கிறது வேற" என்றாள் ஸ்ருதி. "அதைப் பிரிச்சு எழுதுங்க."

"எப்படிங்க பிரிக்கிறது? பல்லு தெரிஞ்சா நக்கலா?"

பின்வரிசையிலிருந்து அனோஜன் கை தூக்கினான். "ஸோ... புன்னகைக்கலாமா?" யாழ்ப்பாணத்துப் பெற்றோர், கிரான்பர்ன் வளர்ப்பு. 'புன்னகை' என்ற சொல்லை எங்கிருந்து பிடித்தான் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாக்கெடுத்தார்கள். பதினொன்றுக்குப் பதினொன்று. ஒரு வாக்கு மிச்சம், அது தலைவருடையது. அறை முழுவதும் ஜெசிக்காவைப் பார்த்தது. விதி வேண்டாம் என்றால் கையெழுத்து இல்லை. வேண்டும் என்றால், வாயைத் திறக்க எல்லோரும் யோசிக்கும் ஒரு சங்கத்துக்கு அவள் தலைவி. அவளுக்கு அந்த விதி தேவைதான். யாரையும் விட அவளுக்குத்தான் தேவை. ஆனால் அதைக் கேட்டு வாங்கினால் தன்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதாக இருக்குமோ என்றும் பட்டது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அரை நாள் விடுப்பெடுத்து ரஞ்சினி வந்திருந்தாள். யாரென்று தெரியாமல் எல்லோரும் விழித்தார்கள். அறிமுகம் செய்ய வேண்டியது தலைவரின் கடமை. ஜெசிக்கா எழுந்தாள். ஆங்கிலத்தில் தொடங்க வாயெடுத்தாள். பிறகு, இது தமிழ்ச் சங்கம், முதல் கூட்டம் என்று நினைத்து, மூச்சை இழுத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, தெளிவாகச் சொன்னாள்:

"எங்கட சங்கத்தின்ர காலமான தலைவர் ரஞ்சினி அக்கா இப்ப இங்க வந்திருக்கிறா."

ஸ்ருதி தோள்பைப் பட்டியைக் கடித்தாள். சித்தார்த் குனிந்து ஷூ லேஸ் கட்டப் போனான். அவன் போட்டிருந்தது செருப்பு. அனோஜன் கூரையைப் பார்த்தான். ஜெசிக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஏதோ பிழை. எது என்றுதான் தெரியவில்லை. இத்தனை வருடமும் எதற்குப் பயந்து ஆங்கிலத்துக்குள் ஒளிந்திருந்தாளோ அது கடைசியில் நடந்துவிட்டது, அதுவும் எழுந்து நின்று, எல்லோருக்கும் முன்னால். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

வாசலில் நின்ற ரஞ்சினியின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. உதட்டைக் கடித்தாள். பலிக்கவில்லை. வெடித்துச் சிரித்தாள், சிரித்தபடியே நடந்து வந்து ஜெசிக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, நான் இன்னும் காலமாகேல்ல. போன கிழமைதான் கொலஸ்ட்ரோல் பாத்தனான். எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"காலமான எண்டால் ஃபோர்மர்தானே?"

"காலமான எண்டால் செத்த."

"டெட்?"

"ஓம். டெட்."

ஜெசிக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா டொறத்தி காலைதோறும் தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் கேட்பாள். முன்னாள் அதிபர் காலமானார், முன்னாள் முகாமையாளர் காலமானார். இரண்டும் எப்போதும் சேர்ந்தே வந்ததால் ஜெசிக்கா இரண்டுக்கும் ஒரே பொருள் என்று பத்து வருடமாக நம்பியிருந்தாள். "ஓ மை கோட், எங்கட பழைய டீச்சருக்கு கார்டில அப்பிடித்தான் எழுதினனான்!" என்று தலையில் கை வைத்தாள். அதன் பிறகு அறையில் யாருக்கும் கட்டுப்பாடு இல்லை. அவளே எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தாள்.

6

2019இலும் ஒருத்தி தடுமாறினாள், ரஞ்சினி சிரித்தாள். இப்போதும் அதேதான். பிறகு என்ன வித்தியாசம்? கதை எழுதுகிறவளுக்கு இது தெரிய வேண்டும் என்று ஜெசிக்காவைக் கேட்டேன்.

"டோன்ட் நோ அன்ரி. சிரிச்சுக்கொண்டு என்னட்ட வந்தவ. தள்ளி நிண்டு சிரிக்கேல்ல."

இதற்குப் பிறகு நான் ஒரு பத்தி விளக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.

ரஞ்சினி விதியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "அப்ப பதினாலாவது?" என்று சித்தார்த் கேட்டான். ஜெசிக்கா தன் வாக்கை இன்னும் போடவில்லை. அதற்குள் அடுத்த வகுப்புக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். பதினான்கு என்ற எண்ணை மட்டும் போட்டு, எதிரே வெறுமையாக விட்டு, யாப்பை அப்படியே அனுப்பிவைத்தார்கள். வெள்ளி மாலை மூன்றே முக்காலுக்கு மெகனிடமிருந்து பதில் வந்தது: அனுமதி. கீழே ஒரு குறிப்பு: பதினான்காம் விதி வெறுமையாக இருக்கிறது, முப்பது நாளுக்குள் நிரப்பவும்.

7

இன்று இருபத்தேழாம் நாள்.

ரஞ்சினி அந்த வரவேற்புரைப் பெண்ணைத் தேடிப் பிடித்து ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாளாம். பதில் வந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எழுதிவிடுவேன். அது அவர்கள் இருவருடைய விஷயம்.

விதியோ இன்னும் எழுதப்படவில்லை. வாட்ஸ்அப் குழுவில் இரவு பகலாக அடிபடுகிறது. சித்தார்த் மூன்று உட்பிரிவுகளோடு ஒரு வரைவு போட்டான், அதைப் படித்து எல்லோரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு எந்த உட்பிரிவில் வரும் என்று அவனே கேட்டான். ஸ்ருதி, 'சிரித்தவர் அடுத்த கூட்டத்துக்கு வடை கொண்டுவர வேண்டும்' என்றாள். அனோஜன் 'புன்னகைக்கலாம்' என்பதில் அசையாமல் நிற்கிறான். கடைசியில் ஜெசிக்கா எனக்கு எழுதினாள்: "அன்ரி, நீங்கள் ரைட்டர்தானே. ஒரு வசனம் எழுதித் தாங்கோ."

எழுதிப் பார்த்தேன். 'உறுப்பினர் எவரும் பிறரது மொழித்திறனை' — இது நீதிமன்றம். 'பிழையும் அழகே' — இது நாட்காட்டி. 'சிரிப்பவர் முதலில் எழுந்து' — இது கிட்டே வந்தது, பிறகு வழுக்கிவிட்டது.

உங்களுக்குத் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டீர்கள். எப்போதாவது சிரித்திருப்பீர்கள். ஒருமுறையாவது உங்களைப் பார்த்தும் சிரித்திருப்பார்கள். இன்னும் மூன்று நாள் இருக்கிறது. தொடக்கத்தை மட்டும் நான் எழுதி வைக்கிறேன்.

14. சங்கத்தில் யாராவது பிழையாகத் தமிழ் பேசினால்,