காயவைத்த பொட்டலங்கள்

பாப்பிரெட்டிப்பட்டியில் பூச்சிமருந்துக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஜனங்கள் சர்தார் பாய் கடையைத்தான் தேடி வருவார்கள். அவர் கொடுக்கும் தூள் மருந்து கட்டி தட்டியிருக்காது, நமுத்திருக்காது. முப்பது வருஷமாக மனுஷன் ஈரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். எந்தத் தூள் வந்தாலும் தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் பரணில் ஏறிவிடும். சித்திரை மாதம் அந்தப் பரணில் கை வைத்தால் சுடும். அதில் பாய்க்கு ஒரு பெருமை.

போன வருஷம் அவருடைய சிநேகிதன் பச்சியப்பன் போட்ட மஞ்சளில் பாதி, கிழங்கு அழுகல் நோயில் போனது. இந்த வருஷம் விதைக்கும் முன்னாலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்று பாய் யோசித்துக்கொண்டிருந்தபோது, வியாபாரிகள் கூட்டத்தில் ஒரு விஷயம் கேட்டு வந்தார். நல்ல பாக்டீரியா ஒன்று இருக்கிறதாம். வேரைச் சுற்றிக் குடியேறி அழுகலை அண்டவிடாதாம், தண்ணீர் குறைந்தாலும் செடியைத் தாங்க வைக்குமாம். ஒரு பெட்டி வரவழைத்தார். பச்சியப்பன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாய் கொடுத்தால் மண்ணாங்கட்டியைக்கூட வயலில் போடுகிற ஆள் அவன்.

பெட்டியைப் பிரித்தால் பொட்டலங்கள் கைக்கு ஈரமாகத் தட்டுப்பட்டன. நமுத்த சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்த்தார் பாய். மற்றவனுக்கு என்றால் அப்படியே கொடுத்திருப்பாரோ என்னவோ, இது பச்சியப்பனுக்கு. மொட்டைமாடியில் பரப்பி, இரண்டு நாள் வெயிலில் திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைத்தார். வத்தல் போட இடமில்லை என்று அவர் மனைவி ஹசீனா முணுமுணுத்ததையும் பொருட்படுத்தவில்லை. மொறமொறவென்று காய்ந்த பிறகு ஐந்து பொட்டலம் பச்சியப்பனுக்குப் போனது. மிச்சம் பரணுக்குப் போனது.

பச்சியப்பன் வீட்டில் அந்த வேலையெல்லாம் அவன் மனைவி தங்கம்மாள் கையில். அந்த ஊரில் யார் எது விதைத்தாலும் முதல் விதையைப் போட தங்கம்மாளைத்தான் கூப்பிடுவார்கள், அவ்வளவு கைராசி. கூட்டத்தில் கேட்டதை வைத்துப் பாய் சொன்னபடியே தூளைக் கரைத்து விதை மஞ்சளை நனைத்தாள், தொழுவுரத்தில் கலந்து புளியமர நிழலில் வைத்து வயலுக்கு இறைத்தாள். நான்கு பொட்டலம் தீர்ந்தது. ஐந்தாவது, பிற்பாடு வேரில் ஊற்றுவதற்கு.

அதற்கு அழுகல் இடம் கொடுக்கவில்லை. புரட்டாசி மழைக்குப் பின் இலையெல்லாம் ஓரத்திலிருந்து காய்ந்தது. தண்டைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்தது, கிழங்கு குழகுழவென்று நாறியது. போன வருஷம் பாதி போனது, இந்த வருஷம் முழுசும் போனது.

கடையில் மிஞ்சிய ஒரு பொட்டலத்தை, தர்மபுரிக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்கும் மகள் ஹுமேராவிடம் கொடுத்தார் பாய். கம்பெனிக்காரன் சட்டையைப் பிடிக்க அவருக்கு ஒரு ஆதாரம் வேண்டியிருந்தது. ஒரு வாரம் கழித்து வந்தவள், பரிசோதனைத் தட்டில் ஒன்றுமே வளரவில்லை என்றாள். கம்பெனியிலிருந்து புதிதாக வாங்கிய பொட்டலத்தைப் போட்டதில் தட்டு நிறைய வளர்ந்ததாம். இதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். பாய் பரணைக் காட்டினார், மொட்டைமாடியையும் சொன்னார்.

"அத்தா, அது மருந்து இல்ல. உசுரு. அந்த ஈரத்துலதான் அது பொழச்சுக் கெடக்கும்" என்றாள் ஹுமேரா.

விஷத்தைப் பத்திரப்படுத்தத் தெரிந்த அளவுக்கு உயிரைப் பத்திரப்படுத்தத் தெரியவில்லையே என்று பாய்க்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. பச்சியப்பனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, மறுநாள் காலையில் வண்டியை எடுத்தார்.

பச்சியப்பன் வீட்டை ஒட்டிய வயல் வரப்பில் நின்றிருந்தான். தங்கம்மாள் குனிந்து அழுகிய தூரைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பாய் வாயைத் திறக்கும் முன் பச்சியப்பன் முந்திக்கொண்டான்.

"உங்க பேரையே கெடுத்துட்டா பாய். நெழல்ல வைக்கச் சொன்னா, இவ வெயில்ல போட்டு வச்சிருக்கா."

ஊருக்கும் அதையே சொல்லியிருந்தான். கொள்ளு விதைப்புக்கு ஒரு வீட்டிலிருந்தும் தங்கம்மாளைக் கூப்பிடவில்லை. புருஷனும் அவளோடு பேசி இருபது நாள் ஆகிறது என்று அவனே சொன்னான், ஏதோ நியாயம் செய்துவிட்டவன்போல.

தங்கம்மாள் நிமிர்ந்தாள். "நெழல்லதான் வச்சேன். நீங்களே சொல்லுங்க பாய், வெயில் பட்டா அது செத்துப்போகுமா?"

சொல்லிவிட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான்தான் காயவைத்தேன் என்ற ஒரு வார்த்தை போதும். பாய் பச்சியப்பன் முகத்தைப் பார்த்தார். அதில் தன்மேல் இருந்த நம்பிக்கையைப் பார்த்தார். நாளைக்குக் கடை வாசலில் நின்று ஊர் என்ன பேசும் என்பதையும் பார்த்துவிட்டார்.

"ஆமாம்மா" என்றார். "வெயில் பட்டா செத்துப்போகும்."

அவர் சொன்னதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை.

பச்சியப்பன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவள் வீட்டுக்குள் போனாள். பாய் வண்டியைத் திருப்பும்போது ஓடி வந்து ஒரு ஈரச் சாக்குத் துண்டை நீட்டினாள். உள்ளே ஐந்தாவது பொட்டலம், தொட்டால் சில்லென்று இருந்தது.

"குளிர்ச்சியான எடத்துல வைக்கணும்னு இதுல போட்டிருக்குதுங்க பாய். எழுத்துக் கூட்டிப் படிச்சேன். அன்னைல இருந்து தண்ணிப் பானை பக்கத்துலயே வச்சிருக்கேன். இது உசுரோடதான் இருக்கும். கைராசி இருக்கறவங்க யாருக்காவது குடுத்துடுங்க."

பாய் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.