ஒரு கேள்விக்கு ஒரு நாள்

ஒரு கேள்வி கேட்டால் ஒரு நாள் போய்விடும். அந்த அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அண்ணி முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கம்ப்யூட்டரை எப்படிப் போடுவது என்பதெல்லாம் அப்புறம்.

ஏன் ஒரு நாள் என்றால், கணக்கு எளிது. வேலை கொடுக்கும் நாடு இந்த ஊருக்குப் பதினொரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே காலை ஒன்பது என்றால் அங்கே முந்தின நாள் இரவு பத்து. அவர்கள் சாயங்காலம் கதவைப் பூட்டும்போது அனுப்பிவைப்பதை இவர்கள் காலையில் எடுத்து, மத்தியானத்துக்குள் முடித்துத் திருப்பிவிட்டால், அவர்கள் கண்விழிக்கும்போது வேலை தயாராக இருக்கும். அவர்கள் தூங்கும் நேரம் வீணாவதில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. நடுவில் ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அழகெல்லாம் போச்சு. காலை பத்து மணிக்குக் கேட்ட கேள்வியை அவர்கள் படிக்கும்போது இங்கே இரவு எட்டாகி, அலுவலகம் இருட்டிக் கிடக்கும். பதிலை மறுநாள் காலையில்தான் பார்க்க முடியும். ஆமாம் அல்லது இல்லை என்கிற ஒரு சொல்லுக்கு முழுசாக ஒரு நாள்.

அவர்கள் செய்வது செயற்கைக் கால். முழுக் காலும் இல்லை, காலில் மேலே இருக்கும் கிண்ணம் மட்டும். வெட்டியதுபோக எஞ்சிய கால் அந்தக் கிண்ணத்துக்குள்தான் உட்கார வேண்டும். கீழே வரும் கம்பியும் பாதமும் கடையில் வாங்கக் கிடைக்கும். கிண்ணம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. அங்கே ஒரு கிளினிக்கில், எஞ்சிய காலுக்கு மெல்லிய உறை ஒன்றை மாட்டி, கையில் பிடிக்கும் கருவியால் சுற்றிச் சுற்றி ஸ்கேன் எடுப்பார்கள். அது இங்கே திரையில் சாம்பல் நிற உருவமாக வந்து நிற்கும். சதை தடித்த இடத்தில் கிண்ணம் கொஞ்சம் அழுத்த வேண்டும், உடம்பின் பாரத்தை அதுதான் தாங்கும். எலும்பு தோலை ஒட்டி நிற்கும் இடத்தில் கொஞ்சம் விலக வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடிப்போனால் கால் உள்ளே ஆடும், குறைந்துபோனால் புண்ணாகும்.

இந்த அழுத்துவதையும் விலக்குவதையும் செய்கிறவன் சின்னவன். வீட்டுக்கு இளையவன் என்பதால் வந்த பெயர். முப்பத்துநாலு வயதாகி, முன்னந்தலையில் முடி பின்வாங்கிய பிறகும் அண்ணியிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் அப்படியே கூப்பிட்டார்கள். அலுவலகம் அவன் அண்ணன் மனைவியுடையது, எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இரண்டு அறை, நான்கு கம்ப்யூட்டர், ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் ஏசி பெட்டிகள்.

இரண்டு மாதத்துக்கு முன் அந்தக் கிளினிக்கின் உரிமையாளரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. உங்களிடமிருந்து கேள்விகள் அதிகம் வருகின்றன, வேறு இடத்தில் கேட்காமலே முடித்துத் தருகிறார்கள் என்று இரண்டே வரி. வேலையில் முக்கால்வாசி அவரிடமிருந்து வருவது. அண்ணி அதை மூன்று தடவை படித்துவிட்டு வந்து சொன்னாள்: "இனிமே தெரிஞ்சதை வச்சு முடிங்க. தலைபோற விஷயம்னா மட்டும் கேளுங்க." எது தலைபோகிற விஷயம் என்று யாரும் அண்ணியைக் கேட்கவில்லை.

சம்பவம் நடந்த அன்று காலை வந்த ஃபைலில் இருந்த விவரம் இவ்வளவுதான்: ஆண், ஐம்பத்தொன்று, இடது கால், முழங்காலுக்குக் கீழே, முதல் முறை. உருவத்தின் வெளிப்பக்கத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது. உறை சுருங்கினால் ஸ்கேனில் இப்படி மேடு விழும். வாரத்தில் இரண்டு மூன்றாவது பார்ப்பான். திரையில் தேய்க்கும் கருவியை எடுத்து நாலு இழுப்பு இழுத்தான், சமமாகிவிட்டது. பதினொன்றே காலுக்கு ஃபைலை அனுப்பினான்.

மூன்று மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, அதே கிளினிக்கிலிருந்து வந்த வேறொரு காலைத் திறந்தான். அதிலும் ஒரு மேடு. தேய்க்கக் கை போனது, போனபடியே நின்றது. இந்த மேடு நீளமாக, மடிப்பு மாதிரி ஓடியது. துணி சுருங்கினால் அப்படித்தான் ஓடும். இழுபட்ட துணிக்குத் தலையும் வாலும் உண்டு. காலையில் தேய்த்தது ஓடவில்லை. அது வட்டமாக இருந்தது, கோலிக்குண்டைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல.

பழைய ஸ்கேனைத் திறந்து பார்த்தான். வட்டம்தான்.

அண்ணி அடுத்த அறையில் மேஜை டிராயரைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒரு ஃபோன் பண்ணணும்."

"பண்ணேன். அதுக்கு என்கிட்ட எதுக்கு மனு?"

"அங்க பண்ணணும்."

அண்ணி டிராயரை மூடினாள். "இப்ப அங்க மணி என்ன தெரியுமா?"

"நாலு."

"விடியக்காலை நாலு."

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சுமா கேட்கிறே? உங்க அண்ணனை அந்த நேரத்துல எழுப்பினா என்னையே கடிச்சு வைப்பாரு. தாலி கட்டின மனுஷனே அப்படின்னா, அந்த மனுஷன் சும்மா விடுவாரா?"

அவன் சிரிக்கவில்லை. அண்ணியும் உடனே சிரிப்பை நிறுத்தினாள். விஷயத்தைச் சொன்னான். காலை எடுக்கும்போது வெட்டுப்பட்ட நரம்பின் முனை சில பேருக்கு உள்ளேயே முடிச்சு மாதிரி வீங்கிக்கொள்ளும். அதன்மேல் எதுவும் படக் கூடாது. இவனோ அந்த இடத்தைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டான். கிண்ணம் அந்த முடிச்சை அழுத்திக்கொண்டுதான் நிற்கும்.

"போட்டுப் பார்த்தா வலிக்கும்ல? வலிக்குதுன்னு சொல்வாரு. அவங்க வேற செஞ்சுக்குவாங்க," என்றாள் அண்ணி.

"முதல் தடவை போடறவர் அண்ணி. கால்னா இப்படித்தான் வலிக்கும் போலன்னு நினைச்சுப் பல்லைக் கடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாரு. புண்ணாகிச் சீழ் வெச்ச பிறகுதான் திரும்பி வருவாரு."

"ஃபைலைத் திரும்பி வாங்க முடியாதா?"

"வரிசையில போயிடுச்சு. அங்க இருந்துதான் நிறுத்த முடியும். நம்ம நாலு மணிக்கு மெஷின் தானா ஓட ஆரம்பிச்சிடும்."

அங்கே அதிகாலை ஐந்துக்கு, ஆள் யாரும் இல்லாத அறையில், இயந்திரம் பிளாஸ்டிக்கை உருக்கி இழை இழையாக அடுக்கத் தொடங்கும். எட்டு மணி நேரம் அடுக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த மனிதர் வந்து காலை மாட்டிக்கொள்ள வேண்டும். இடையில் யாரும் பழைய ஸ்கேனை எடுத்துப் பார்க்கப்போவதில்லை.

"எவ்வளவு நிச்சயம்?" என்றாள் அண்ணி.

"பாதிக்குப் பாதி."

"பாதிக்காக எழுப்பறதா? சுருக்கமா இருந்துச்சுன்னா? ஏற்கெனவே நம்ம பேர்ல கேள்விக்காரங்கன்னு முத்திரை குத்தியாச்சு. நாலு மணிக்கு எழுப்பிக் கேட்டோம்னா, அடுத்த வாரம் இந்த மேஜை நாற்காலியெல்லாம் விற்க வேண்டியதுதான்."

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அண்ணிக்கு அவனைத் தன் கல்யாண நாளிலிருந்து தெரியும். அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றான் என்றால் நகர மாட்டான்.

"ஃபோனை இங்க கொடு," என்றாள். "திட்டு வாங்கணும்னா நான் வாங்கறேன். நீ வாங்கினா ஒரு வாரத்துக்குச் சோறு இறங்காது உனக்கு."

கிளினிக் எண்ணில் பதிவு செய்த குரல் ஒன்று எட்டு மணிக்கு மேல் அழைக்கச் சொன்னது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், அவசரத்துக்கு மட்டும் என்று போட்டு ஒரு வீட்டு எண் இருந்தது. ஐந்து வருஷத்தில் ஒரு முறைகூட அதைத் தொட்டதில்லை. முதல் முறை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மணி மூன்று இருபத்தைந்து. மூன்றாம் முறை அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள்.

அந்த ஊர் மொழியில் நடந்த பேச்சு நம் மொழியில் இப்படி இருக்கும்:

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் கிளினிக்காரர், எடுத்த எடுப்பிலேயே. அந்த நேரத்து ஃபோனுக்கு எந்த ஊரிலும் ஒரே அர்த்தம்தான்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை சார். ஆகக் கூடாதுன்னுதான் கூப்பிட்டோம்," என்று அண்ணி ஆரம்பித்தாள். தான் யார் என்று சொன்னாள், மன்னிப்புக் கேட்டாள், ஃபோனைச் சின்னவன் பக்கம் தள்ளினாள். அவன் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம், இன்னொரு ஃபோனில் எண் போடும் சத்தம்.

"என் குறிப்புல மேடுன்னு எதுவும் இல்லை. ஸ்கேன் எடுத்தது புதுசா வந்த பொண்ணு. அவ ஃபோன் அணைஞ்சிருக்கு," என்றார். குரலில் தூக்கம் போய் எரிச்சல் வந்திருந்தது. "சுருக்கமாத்தான் இருக்கும். இதுக்காகவா?"

மணி மூன்று முப்பத்தாறு. சின்னவன் ஃபோனை நெருங்கிக் குனிந்தான். "அவரையே கேட்கலாமா சார்? கால்காரரை."

"நோயாளியை எழுப்பச் சொல்றீங்களா?"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். வைத்துவிட்டார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். பிறகு அதே இணைப்பில் இன்னொரு மணி ஒலித்தது. முழுசாக ஒரு முறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"விழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றது ஒரு கரகரத்த குரல். "மூணு மணியிலிருந்தே சட்டை போட்டு உட்கார்ந்திருக்கேன். பஸ் ஏழு மணிக்கு. ஏன், இன்னிக்கு இல்லையா?"

சின்னவன் மெதுவாகச் சொன்னான்: "ஐயா, முழங்கால் சில்லுக்குக் கீழே நாலு விரல் வைங்க. அங்கேயிருந்து வெளிப்பக்கமா வாங்க. உருண்டையா ஏதாவது கைக்குத் தட்டுப்படுதா?"

துணி உரசும் சத்தம். பிறகு "ஸ்ஸ்" என்று ஒரு மூச்சு.

"இருக்கே. அதைத் தொட்டா சுரீர்னு பாதம் வரைக்கும் இழுக்கும். இல்லாத பாதம் வரைக்கும். அதுல நான் யாரையும் கைவைக்கவே விடறதில்லை."

"ஸ்கேன் எடுக்கும்போது சொல்லலையா?" என்றார் கிளினிக்காரர்.

"யாரும் கேட்கலையே சார்."

ஏழு நிமிஷம் மிச்சமிருந்தபோது கிளினிக்காரர் தன் ஃபோனிலிருந்தே இயந்திரத்தை நிறுத்தினார். திருத்திய ஃபைலைச் சின்னவன் உடனே அனுப்ப முடியாது. அந்த இடத்தில் எவ்வளவு விலக வேண்டும் என்பதை நேரில் தொட்டு அளந்துதான் சொல்ல முடியும். இன்றைக்கே வந்து அளந்தாலும் கிண்ணம் தயாராக மறுநாளாகும் என்பதால், நாளைக்கு வரச் சொன்னார் கிளினிக்காரர்.

"நாளைக்கு முடியாது," என்றார் அந்த மனிதர். "என் மக இன்னிக்கு ஒரு நாள்தான் லீவு போட்டிருக்கா. அஞ்சு மணி நேர பஸ், தனியா ஏறி இறங்க என்னால ஆகாது. அடுத்த மாசம்தான் அவளுக்கு மறுபடி லீவு." பிறகு, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னார்: "சட்டையெல்லாம் போட்டுட்டேன்."

அவர் ஃபோனை வைத்த பிறகும் கிளினிக்காரர் வைக்கவில்லை.

"ஒண்ணு கேட்கணும்," என்றார். எரிச்சல் இப்போது இல்லை, அது இருந்திருந்தால் தேவலாம் போல இருந்தது. "இதுக்கு முன்னாடி வந்ததுலயும் இப்படிக் கேட்காமத் தேய்ச்சது இருக்கா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அவர் நம்பிவிட்டுப் படுக்கப் போவார், வேலையும் வந்துகொண்டே இருக்கும். அண்ணி வாயைத் திறந்தாள், திறந்தபடியே சின்னவனைப் பார்த்தாள். அவனுக்கு ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. பயமே அதுதான். தேய்த்தது எதுவும் மனசில் தங்குவதில்லை, நாலு இழுப்பு, அடுத்த கால். ஆனால் முதலில் வந்த ஸ்கேன் ஒவ்வொன்றும் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது போயிற்று என்று தெரிந்துவிடும்.

"இருக்கு சார்," என்றான். "எத்தனைன்னு தெரியாது."

"எவ்வளவு நாளா?"

"நீங்க மெயில் போட்டதுலேருந்து," என்றாள் அண்ணி.

தூரத்து வீட்டில் ஒரு நாற்காலி இழுபட்டது.

"பாருங்க," என்றார் அவர். "ஒவ்வொண்ணா நம்பரைச் சொல்லுங்க. நான் விழிச்சுத்தான் இருப்பேன். ஒப்பந்தத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

இரண்டு மாதத்தில் அந்தக் கிளினிக்கிலிருந்து அறுபத்தொரு கால் வந்திருந்தது. அத்தனையும் யாரோ ஒருவர் இப்போது மாட்டிக்கொண்டு நடப்பவை, அல்லது மாட்டிப் பார்த்துவிட்டுக் கட்டிலடியில் போட்டுவைத்தவை. அண்ணி ஒரு தாளை மடித்துக் கோடு போட்டுக்கொண்டு, நாற்காலியை அவன் பக்கத்தில் நகர்த்தி உட்கார்ந்தாள். சின்னவன் முதலாவதைத் திறந்தான். பெண், இருபத்தாறு, வலது கால். வந்த ஸ்கேனை ஒரு பக்கமும் தான் அனுப்பியதை மறுபக்கமும் வைத்து, இரண்டையும் ஒன்றாக, மெல்லத் திருப்பினான்.

பாதி சுற்று திரும்புவதற்குள் அண்ணி அவன் தோளைத் தொட்டாள். "அங்க என்னமோ இருந்துச்சே."

அவன் பின்னோக்கித் திருப்பினான். இருந்தது.

"எழுதிக்கோங்க," என்றான்.